ஆச்சி வாங்காத கூலி!

சங்கரன்கோவில் என்றதும் வெளியூரார் ஆடித்தபசைச் சொல்வர்; பூச்சந்தையைச் சொல்வர். நாம் தறியைச் சொல்கின்றோம். அந்தத் தறியின் ஓசைக்கு நடுவே, தெருவுக்குத் தெரு ஒரு சேலைத் தொட்டிலும் ஆடிக்கொண்டிருக்கிறதே, அதையும் சேர்த்துச் சொல்கின்றோம்!

தறி ஓட்டுபவனுக்குக் கூலி உண்டு. தார் சுற்றுபவளுக்கு, குறைவானாலும், கூலி உண்டு. விடியுமுன் பிச்சியும் மல்லிகையும் பறிப்பவளுக்கு உண்டு. பீடி சுற்றுபவளுக்கு உண்டு. இத்தனை பேரும் வேலை பார்ப்பதற்காக, இத்தனை பேரின் பிள்ளைகளையும் இடுப்பிலே சுமந்து, சோறூட்டி, மூக்குச் சிந்தி, தூங்கவைக்கும் ஆச்சிக்கு என்ன உண்டு? பக்கத்து வீட்டு அக்காளுக்கு என்ன உண்டு? பொங்கலுக்கு ஒரு சேலை. என்றாவது ஒரு முழம் பூ. அவ்வளவே!

"சொந்தப் பேரனைப் பார்ப்பதற்கும் கூலியா? பாசத்துக்கு விலையா?" என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். பாசத்துக்கு விலை கேட்பார் யாருமில்லை, தோழர்களே! நாம் கேட்பது வேறு. அந்தப் பாசத்தினால் இலாபம் அடைபவர் யார்? தாய்க்குத் தரப்படும் கூலியில், பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது. கட்டுப்படியாகாத கூலிக்கு அவள் வேலைக்கு வருவது எப்படி முடிகிறது? ஆச்சி கூலி கேட்காததால் முடிகிறது! ஆச்சியின் அன்பிலே ஒரு பங்கு பேரனுக்குப் போகிறது. இன்னொரு பங்கு, அவளுக்கே தெரியாமல், முதலாளியின் கல்லாப்பெட்டிக்குப் போகிறது.

அந்த ஆச்சி ஒரு நாள் படுத்துவிட்டால்? கண்ணிலே புரை விழுந்துவிட்டால்? தாய் வேலையை விட வேண்டும். இல்லையேல் மூத்த மகள் பள்ளிக்கூடத்தை விட வேண்டும். அண்ணனுக்கு அந்த நிலை வருவதில்லை, அக்காளுக்குத்தான் வருகிறது. பெண்ணுக்குக் கல்வி வேண்டுமென மேடைதோறும் முழங்குகின்றோமே, அந்தக் கல்வி தொட்டிலடியில் அடகு வைக்கப்படலாமா?

சட்டம் இல்லையா? இருக்கிறது! 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்றது. 1976 திருத்தம் அந்த எண்ணை 30 ஆக்கியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ, 50 பேர் பணியாற்றும் நிறுவனத்துக்குக் காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்த்து வரலாம் என்கிறது. கேட்க இனிக்கிறது! ஆனால் நாலு தறி, எட்டுத் தறி என்று சிதறிக் கிடக்கும் கூடங்களில் 50 பேருக்கு எங்கே போவது? பீடி வேலை வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. பூந்தோட்டத்துக்கு வாயிற்படியே கிடையாது. சட்டம் ஆலை வாசலில் நின்று தலைகளை எண்ணுகிறது. ஆலையும் வாசலும் இல்லாத உழைப்பாளி அந்தக் கணக்கில் விழுவதேயில்லை.

அங்கன்வாடி உண்டே என்பர். உண்டு, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டம் அது. அதன் ஊழியர்களின் தொண்டை நாம் மதிக்கின்றோம். எனினும், பால்குடி மறவாத பிள்ளையை நாள் முழுதும் வைத்துக்கொள்ள ஏற்பட்டதன்று அது. அது திறக்குமுன்பே பூப்பறித்தாகிவிடுகிறது. அது பூட்டிய பின்னும் தறி ஓடுகிறது.

வழி இல்லாமலில்லை. 2005 ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், பெண்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்க அமர்த்தி அவருக்கும் கூலி தர வேண்டுமென எழுதிவைத்தது. பிள்ளை பார்ப்பதும் வேலையே என்று சட்டமே ஒப்புக்கொண்டது! கடல் கடந்த கொலம்பியா நாட்டிலே, 1980-களில், ஏழைப் பெண்கள் தம் வீட்டிலேயே அண்டை அயலார் பிள்ளைகளைப் பார்க்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. 'சமூகத் தாய்மார்' என்று பெயர் சூட்டினர். கையில் வைத்ததோ சிறு தொகை. பெயர் போதாது, முறையான கூலி வேண்டுமென அந்தத் தாய்மார் பல்லாண்டு போராடினர். 2014-ல் வேலை ஒப்பந்தமும் குறைந்தபட்சக் கூலியும் பெற்றனர்.

நம் தமிழ்நாட்டில், 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியபோது, அதற்கு 'உதவித் தொகை' என்று பெயரிடவில்லை. 'மகளிர் உரிமைத் தொகை' என்றனர். வீட்டுக்குள் பெண் செய்வதும் உழைப்பே என்னும் கருத்து அந்தப் பெயரில் இருக்கிறது. கருத்து வந்தாயிற்று, இனி வர வேண்டியது கட்டடம்!

கூடம் கூடமாகத் தலை எண்ண வேண்டாம், தெருவை எண்ணுங்கள். தறித் தெருக்களுக்குப் பொதுவாக ஒரு காப்பகம். தறி ஓடும் நேரமெல்லாம் அது திறந்திருக்கட்டும். தறி உரிமையாளர்கள் செலவில் ஒரு பங்கைத் தறிக்கணக்குப்படி ஏற்கட்டும். மீதியை நகராட்சியும் அரசும் ஏற்கட்டும். பிள்ளை பார்க்க வெளியாள் தேட வேண்டாம். இன்று கூலியின்றிப் பார்க்கும் அக்காள்மாருக்கே பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுங்கள்.

கடைசியாக, தோழர்களுக்கு ஒரு சொல். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுக்குட்பட்டோரில், வீட்டாரைப் பராமரிக்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 140 நிமிடம் செலவிடுகின்றனர். ஆண்கள் 74 நிமிடம். அதுவும், அப்படிப் பராமரிக்கும் ஆண்கள் நூற்றுக்கு 21 பேர்தான்! அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சுக்கு உட்காரும்போது, சேலைக்கு எத்தனை ரூபாய், போனசு நூற்றுக்கு எத்தனை என்ற கோரிக்கைகளோடு, காப்பகத்தையும் ஒரு கோரிக்கையாக எழுதுங்கள். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய், அன்றிரவு தொட்டிலை நீங்கள் ஆட்டுங்கள். ஆச்சி சற்றே காலை நீட்டட்டும்!