நீலகிரியில் வீடு கட்டுவோரும் மண்ணும்

நீலகிரி மாவட்டத்தில் ஒருவர் வீடு கட்ட விரும்பினால், சமவெளியில் கட்டுவோர் அறியாத பல வாயில்களைக் கடந்தாக வேண்டும். 1990-ஆம் ஆண்டில் சர்க்கார் ஏற்படுத்திய மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமமும், 1993-இல் வந்த மலைவாசஸ்தலக் கட்டட விதிகளும், ஏழு மீட்டருக்கு மேல் கட்டடம் உயரலாகாது என்ற வரம்பும், வனத்துறை, வேளாண்மைப் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றிடம் பெற வேண்டிய தடையின்மைச் சான்றுகளும், மண்வெட்டும் இயந்திரத்தை மலையேற்றுவதற்கு மாவட்ட நிர்வாகத்திடம் தனியே கேட்க வேண்டிய அனுமதியும் சேர்ந்து, அங்கே வீடு கட்டுவதை ஒரு நீண்ட யாத்திரையாகவே ஆக்கியிருக்கின்றன. இத்தனை கட்டுப்பாடு எதற்கென்று சலித்துக்கொள்வோர் உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் பலர் உண்டு. அவர்களுடைய சிரமம் பொய்யானதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விதிகள் மிகுந்துவிட்டன என்ற அவர்களுடைய முடிவை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. கட்டி முடிந்த பிறகு அந்தக் கட்டடம் எப்படி இருக்கும் என்பதையே நமது அனுமதி முறை பெரிதும் கவனிக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் அந்த எட்டு, பத்து மாதங்களில் மலைக்கு என்ன நேர்கிறது என்பதை ஏறக்குறைய கவனிப்பதே இல்லை. மலையின் மண் போவதோ அந்த மாதங்களில்தான்.

நீலகிரியின் அடிப்பாறை மிக உறுதியானது. ஆனால் அதன்மேல், யுகம் யுகமாக வெயிலிலும் மழையிலும் மட்கிப்போன செம்மண், பல இடங்களில் ஓர் ஆளின் உயரத்தைப்போல் பன்மடங்கு ஆழத்துக்குப் படிந்திருக்கிறது. சோலைக்காட்டின் வேரும் புல்வெளியின் வேரும் பின்னிப் பிடித்திருக்கும் வரையில் அந்த மண், மழைநீரைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுகிறது. அந்தச் சரிவின் நடுவே ஒருவர் வீட்டுக்குச் சமதளம் வேண்டுமென்று பதினைந்தடி, இருபதடி செங்குத்தாக வெட்டும்போது இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் நடந்துவிடுகின்றன. மேலிருக்கும் சரிவு தன் அடித்தாங்கலை இழந்துவிடுகிறது. அடுக்கி வைத்த பானைகளில் அடிப்பானையை உருவியெடுப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. வெட்டியெடுத்த மண்ணோ, லாரிக்கூலிக்கு அஞ்சிப் பெரும்பாலும் அதே மனையின் கீழ்ச்சரிவில் தள்ளிவிடப்படுகிறது. அந்தத் தளர்ந்த மண்ணுக்கு வேரும் இல்லை, இறுக்கமும் இல்லை. முதல் கனமழையில் அது கீழே இருப்பவருடைய தோட்டத்திலோ ஓடையிலோ சாலையிலோ போய்ச் சேருகிறது. வெட்டிய முகத்தில் தடுப்புச் சுவர் எழுப்பப்படும் வரையில் மழைத்துளி ஒவ்வொன்றும் அதை அறுத்துக்கொண்டே இருக்கும். மேலே இறங்கிய நீர் வெளியேற வழியின்றி மண்ணுக்குள் தேங்கி, மண்ணின் எடையைக் கூட்டி, அதன் பிடிப்பைக் குறைத்துக்கொண்டே வரும். தடுப்புச் சுவரை எழுப்பிய பிறகும், நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விடாமல் எழுப்பினால், சுவரே ஓர் அணையாகி ஒருநாள் சாய்ந்துவிடும்.

இங்கே மழை ஒரு பருவத்தோடு நிற்பதும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று குந்தாவையும் கூடலூரையும் பந்தலூரையும் நனைக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று குன்னூரையும் கோத்தகிரியையும் தாக்குகிறது. 2009 நவம்பரில் சில நாள் பெய்த மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும், ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் மண் சரிந்ததையும் அம்மாவட்டத்து ஜனங்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சரிவுகள் அனைத்திற்கும் வீடு கட்டுவோரே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. 2024 ஜூலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்த பெருஞ்சரிவு, மனிதர் வீடு கட்டாத மலையுச்சிக் காட்டுப் பகுதியிலேயே தொடங்கியது. இயற்கையின் அந்த ஆவேசத்தை எந்த விதியாலும் தடுத்துவிட முடியாது. எனினும், இயற்கை தானே சரியும் இடங்கள் வேறு, நாம் வெட்டி வைத்ததனால் சரியும் இடங்கள் வேறு. பின்னதற்காவது நாம் பொறுப்பேற்க வேண்டும் அல்லவா?

அந்தப் பொறுப்பின் கனத்தை 2024 பிப்ரவரி 7-ஆம் தேதி உதகை அருகே லவ்டேல் பகுதியில் நிகழ்ந்த விபத்தைவிடத் துலக்கமாகக் காட்டும் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வீட்டு நிர்மாணத்தில், தடுப்புச் சுவருக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது மேலேயிருந்த பழைய கட்டடம் மண்ணோடு பெயர்ந்து விழுந்தது. கூலிவேலைக்கு வந்த ஆறு பெண்கள் அங்கேயே உயிரிழந்தனர். அது மழைக்காலமன்று. மலையில் வேலை செய்வதற்கு மிகவும் ஏற்றதென்று எல்லோரும் கருதும் உலர்ந்த மாதம். மழையே இல்லாதபோது ஒரு வெட்டு இவ்வளவு செய்யுமானால், அதே வெட்டு ஐப்பசியில் திறந்து கிடந்தால் என்ன செய்யும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. தடுப்புச் சுவர் பாதுகாப்புக்கான காரியம். ஆயினும் அதை எந்த வரிசையில், எவ்வளவு நீளத்தைத் திறந்து, எவருடைய மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது தீர்மானிக்கப்படாவிட்டால், பாதுகாப்புக்கான அந்தக் காரியமே உயிரைக் குடித்துவிடுகிறது.

உயிர்ச்சேதம் கண்ணுக்குத் தெரியும், மண்சேதம் தெரிவதில்லை. ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கிய உதகை ஏரி, ஆதியில் இன்றைய ஏரியைவிட மிகப் பெரியதாயிருந்தது. அதன் ஒரு பகுதி இருந்த இடத்தில் இப்போது பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கின்றன. நிரப்பியது பாதி என்றால், தூர்ந்தது பாதி. 1932-இல் பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய நாள் முதலாக, பின்னர் குந்தாத் திட்டத்தின் நீர்த்தேக்கங்கள் வரையில், இந்த மலையின் நீர் தமிழ்நாட்டுக்கு விளக்கேற்றிக்கொண்டிருக்கிறது. அத்தேக்கங்களில் படியும் வண்டலோ ஆண்டுதோறும் அவற்றின் கொள்ளளவைக் குறைத்துக்கொண்டு வருகிறது. அந்த வண்டலில் உருளைக்கிழங்கு வயலிலிருந்து வந்ததும் உண்டு, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்ததும் உண்டு, கட்டுமான மனைகளிலிருந்து வந்ததும் உண்டு. ஆனால் இம்மூவரையும் நாம் ஒரே விதமாக நடத்துவதில்லை. உதகையில் மண்வள ஆராய்ச்சி நிலையம் 1954-லேயே நிறுவப்பட்டது. அன்றிலிருந்து மலை விவசாயிக்குப் படிமட்டம் அமைக்கவும், சரிவுக்குக் குறுக்கே உழவும், கல்வரப்புப் போடவும் இடைவிடாமல் போதித்து வந்திருக்கிறோம். ஐந்து சென்ட் நிலத்தில் ஒரே மாதத்தில் ஒரு குன்றின் விலாவையே பெயர்த்தெடுப்பவருக்கு அந்தப் போதனையில் பத்தில் ஒரு பங்கும் கிடைப்பதில்லை. அவருக்கு ஒரு தாளில் நிபந்தனைகள் அச்சிட்டுக் கொடுக்கப்படுகின்றன. வேலை நடக்கும்போது அவற்றை எவரும் போய்ப் பார்ப்பதில்லை. இது அதிகாரிகளின் அசிரத்தை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. முடிந்த கட்டடத்தின் உயரத்தை அளப்பது எளிது, அது எங்கும் ஓடிவிடாது. ஓடிவிட்ட மண்ணை அளப்பது எப்படி?

செங்குத்தான மலையில் ஜனங்கள் நெருக்கமாக வாழும் ஊர்கள் உலகில் வேறு உண்டு. ஹாங்காங்கில் 1972 ஜூன் 18-ஆம் தேதி, சாவ் மாவ் பிங், போ ஷான் சாலை என்ற இரண்டு இடங்களில் மலை சரிந்து 138 பேர் மாண்டனர். இவற்றுள் இரண்டாவது இடத்தில் பன்மாடிக் குடியிருப்பு ஒன்றே அடியோடு பெயர்ந்து வீழ்ந்தது. 1976-இல் சாவ் மாவ் பிங்கிலேயே மறுபடியும் சரிவு. அதன் பிறகே, 1977-இல், சரிவுகளை மட்டும் பரிசீலிக்கும் மண்ணியல் பொறியாளர் அலுவலகம் ஒன்றை அந்த அரசாங்கம் ஏற்படுத்தியது. கட்டடத்தின் வரைபடத்தை ஒருவர் பார்க்க, அந்தக் கட்டடத்துக்காக வெட்டப்படும் மலையின் வரைபடத்தை வேறொரு நிபுணர் பார்ப்பது என்ற கிரமம் அங்கே வழக்கமாயிற்று. மழை அங்கே குறையவில்லை, கட்டடங்களும் குறையவில்லை. சரிவினால் மாளும் உயிர்களே வெகுவாகக் குறைந்தன.

அமெரிக்காவில் இதைச் சற்றே வேறு கோணத்தில் அணுகினார்கள். அங்கே 1972-இல் இயற்றப்பட்ட தூய நீர்ச் சட்டத்தின் கீழ், கட்டுமான மனையிலிருந்து மழையோடு ஓடிவரும் மண், ஆலைக்கழிவைப் போலவே நீரை மாசுபடுத்தும் பொருளாகக் கருதப்படுகிறது. ஓர் ஏக்கர், அல்லது அதற்கு மேற்பட்ட நிலத்தைக் கிளறுபவர், மண் அரிப்பைத் தடுக்கும் திட்டம் ஒன்றை எழுதி வைத்து அனுமதி பெற வேண்டும். அந்த முறையில் என் மனத்தைக் கவர்ந்த அம்சம் ஒன்று உண்டு: கட்டடம் முடிந்துவிட்டதனால் மட்டும் அந்த அனுமதி முடிவதில்லை. கிளறிய நிலத்தில், அவ்விடத்துக்கு இயல்பான தாவரப் போர்வையில் 70 சதவீதமேனும் மீண்டும் வளர்ந்த பிறகே, அல்லது வேறு நிரந்தர ஏற்பாட்டினால் மண் நிலைப்பட்ட பிறகே, உரிமையாளர் தம் கடமையிலிருந்து விடுபடுகிறார். மண்ணைக் கிளறியவன் புல் முளைப்பிக்கும் வரை பொறுப்பாளி என்ற இந்த நியாயம் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

நமது மலைக்கு இதை அப்படியே பெயர்த்துக்கொண்டுவர இயலாது. இங்கே ஒரு ஏக்கர் என்பது பெரும் பணக்காரருடைய மனை. ஆயினும், மண்வேலைக்கு ஓர் அனுமதி, கட்டட வேலைக்கு ஓர் அனுமதி என்று இரண்டாகப் பிரித்து, முதலாவது வேலை செவ்வனே முடிந்ததை நேரில் கண்ட பிறகே இரண்டாவதைக் கொடுப்பதில் என்ன தடை இருக்கிறது? முதலில் மேற்சரிவின் நீரை மனைக்கு வெளியே திருப்பும் வடிகால். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வெட்டிய நீளத்துக்கு உடனுக்குடன் கசிவுத் துளைகளோடு கூடிய தடுப்புச் சுவர். அதன் பிறகே அஸ்திவாரம். இப்போது பல மனைகளில் இந்த வரிசை தலைகீழாக நடப்பதையும், கையில் பணம் மிஞ்சினால் கடைசியில் தடுப்புச் சுவர் என்று இருப்பதையும் மலையில் உள்ள எந்தக் கொத்தனாரும் சொல்வார். வெட்டும் மண் எங்கே கொட்டப்படும் என்பதை வரைபடத்திலேயே குறிக்கச் செய்ய வேண்டும். மண்வெட்டும் வேலை ஜனவரியில் தொடங்கிக் கோடைமழைக்கு முன் முடிந்துவிட வேண்டும். முடியாத வெட்டுமுகம் எதுவும் ஜூனுக்குப் பிறகு திறந்து கிடக்கலாகாது. கலிஃபோர்னியாவின் மலைப்பாங்கான வட்டாரங்கள் பலவற்றில் மழை மாதங்களில் மண் வெட்டுவதற்குத் தடை இருக்கிறது. அங்கே மழை ஒரு பருவத்துக்குத்தான், இங்கே இரண்டு. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் பெரிய கட்டடங்களுக்கு ஈட்டுத்தொகை பெற்று, விதிமீறல் இல்லையென்று கண்ட பிறகு அதைத் திருப்பித் தருகிறது. மலையிலும் அவ்வாறு ஒரு தொகை பெற்று, கட்டடம் முடிந்து ஒரு முழு மழையாண்டு கழிந்து, சரிவில் புல்லோ வெட்டிவேரோ வேரூன்றியதைக் கண்ட பிறகு திருப்பித் தரலாம்.

இதை எழுதும்போதே ஒரு கவலை என்னைத் தடுத்து நிறுத்துகிறது. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாக இலங்கையிலிருந்து திரும்பிவந்து, தேயிலையை நம்பி வாழும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 1969-ஆம் ஆண்டின் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் தொடர்பான வழக்குகளால் நிலவுரிமை தீராமலே தலைமுறைகள் கழித்தவர்கள் அங்கே உண்டு. பட்டா இல்லாதவருக்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லாததனால் பொறியாளர் இல்லை. பொறியாளர் இல்லாததனால், பணமுள்ளவர் வேண்டாமென்று ஒதுக்கிய ஓடைக்கரையிலும் செங்குத்துச் சரிவிலும் அவர்களே மண்வெட்டியால் வெட்டிச் சுவர் வைத்துக்கொள்கிறார்கள். விதியைக் கடுமையாக்கினால் அதன் முதல் அடி அவர்கள் மேல்தான் விழும் என்பதையும், பெரிய விடுதி கட்டுவோர் வழக்கறிஞரைக் கொண்டு வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்பதையும் நாம் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறோம். ஆகையால் ஈட்டுத்தொகையும் நிபுணர் அறிக்கையும் வெட்டின் அளவுக்கேற்ப உயர வேண்டும். ஆறடிக்குக் குறைவாக வெட்டிச் சிறு வீடு கட்டுபவரிடம் ஒரு காசும் வாங்கலாகாது. அவருக்குச் சரிவைப் பார்த்து எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லிக் கொடுக்கும் பொறியாளர், கட்டணமின்றி, கேட்ட வாரத்திலேயே வரவேண்டும். நிலவுரிமை வழக்கு எந்த நிலையில் இருந்தாலும், வசிக்கும் வீட்டின் பின்சரிவு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்குப் பட்டாவைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

இவற்றுள் பெரும்பாலானவற்றைச் செய்வதற்குச் சட்டசபை கூடிப் புதிய சட்டம் இயற்ற வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். தடையின்மைச் சான்று கொடுக்கும் துறைகள் அச்சான்றில் நிபந்தனை விதிக்கின்றன. மண்வெட்டும் இயந்திரத்துக்கு அனுமதி தரும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறது. அந்த அனுமதியிலேயே தேதியையும், வெட்டின் ஆழத்தையும், மண் கொட்டும் இடத்தையும் எழுதி, மனையின் வாயிலில் பலரும் பார்க்கும்படி ஒரு பலகையில் அவற்றை எழுதி வைக்கச் சொன்னால், கீழ்ச்சரிவில் வசிப்பவர் தாமே முதல் மேற்பார்வையாளர் ஆவார். குறைவாக இருப்பது நேரில் போய்ப் பார்க்கும் ஆட்கள். சரிவுகளையும் வரப்புகளையும் நன்கறிந்த வேளாண்மைப் பொறியியல் துறையின் களப்பணியாளர்களை, வட்டத்துக்கு இருவர் வீதமாவது, விவசாய நிலத்தோடு கட்டுமான மனைகளையும் சுற்றிப் பார்க்கும்படி சர்க்கார் நியமிக்கட்டும். மே மாத முடிவிலும் செப்டம்பர் மாத முடிவிலும், இரண்டு பருவமழைக்கும் முன்பாக, திறந்து கிடக்கும் ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் அவர்கள் பார்த்துக் கையெழுத்திடட்டும்.