பாட்டு மீட்டுத் தந்த பேச்சு

இசை சமூகத்தை மாற்றுமா என்று கேட்கும்போது, பாடலின் கருத்தை மட்டுமே நாம் எடைபோடுகிறோம். அது யாருடைய பேச்சில் பாடப்பட்டது என்று கேட்பதில்லை. மொழியியல் பயின்றவன் என்ற முறையில் எனக்கு இரண்டாவது கேள்வியே முதன்மையானது. தெலங்கானா அதற்கு நல்ல சான்று.

தெலுங்குத் திரைப்படங்களில் தெலங்கானா வழக்கைப் பேசியவர்கள் நெடுங்காலம் பெரும்பாலும் அடியாட்களும் கோமாளிகளுமே. கடலோர ஆந்திர மாவட்டங்களின் வழக்கே 'நல்ல தெலுங்கு' எனப் பாடநூலிலும் செய்தித்தாளிலும் நிலைபெற்றது. உருதுச் சொற்கள் விரவிய தம் பேச்சைப் பிறர் முன்னிலையில் பேசவே பலர் கூசினர். கவிஞர் காளோஜி நாராயணராவ் இவ்விழிவை எதிர்த்து மக்கள் வழக்கிலேயே எழுதினார்.

அந்தக் கூச்சத்தை ஊர்ப்புறங்களில் உடைத்ததில் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. கம்பளி போர்த்து, கையில் கோலும் காலில் சலங்கையுமாக மேடையேறிய கத்தர், கோரேட்டி வெங்கன்னா, 2002 முதல் நடைபெற்ற 'தூம் தாம்' நிகழ்ச்சிகள் எனப் பலரும் பலவும் அதில் பங்காற்றின. டப்பு முழங்க ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார்; கூட்டம் திருப்பிப் பாடும். துண்டறிக்கையைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். கூட்டத்தில் எழுந்து பேசத் துணிவு வேண்டும். பல்லவியைத் திருப்பிப் பாட இரண்டும் வேண்டா. பாடியவர் தம் வீட்டுப் பேச்சைப் பொதுவெளியில் உரக்க ஒலித்தார். குடிமைப் பங்கேற்பின் முதற்படி அதுவே என்பேன்.

2014இல் மாநிலம் பிறந்தது. காளோஜியின் பிறந்தநாளான செப்டம்பர் 9 தெலங்கானா மொழி நாளாயிற்று. வெங்கன்னா சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பள்ளி செல்லாத அந்தெஸ்ரீயின் பாடல் 2024இல் மாநிலப் பாடலாயிற்று. இவை யாவும் மகிழத்தக்கவை. ஆனால் பெருமைப்படுத்துவதும் ஒரு பாடலை அடக்கும் வழிதான். எழுந்து நின்று கேட்கும் பாடலில் புதிய அடியொன்றைச் சேர்க்க எவர் துணிவார்?

ஆகவே, எத்தனை பேர் பாடினார்கள் என்பது வெற்றியின் அளவுகோல் அன்று. அன்று பல்லவியைத் திருப்பிப் பாடிய முதியவள் இன்று வட்டாட்சியர் அலுவலகத்தில் அதே பேச்சில் முறையிடும்போது, எதிரில் இருப்பவர் ஏளனமின்றிக் கேட்கிறாரா என்பதே அளவுகோல். அரசுச் சுற்றறிக்கையின் நடைக்கு மெட்டமைத்து 'விழிப்புணர்வுப் பாடல்' என வெளியிடுவோர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். மக்களின் பேச்சை மதிக்காத பாட்டு மக்களைப் பங்கேற்க அழைப்பதில்லை, கேட்டுக்கொண்டிருக்கவே சொல்கிறது.