பழைய கணினியில் லினக்ஸ்: பேனர் கடைக்கு ஒத்துவருமா?



விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும் வேண்டும். தை முதல் நாள் ஜல்லிக்கட்டுக்கு பேனர் வடிவமைக்கும் அவனியாபுரத்துச் சிறு கடைக்கு இதற்காகப் புதுக் கணினி வாங்குவது தண்டச் செலவு. இருக்கிற கணினி நன்றாகத்தான் ஓடுகிறது; அதிலேயே லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் வந்தது. அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு 4 ஜிபி ராம் போதும். புகைப்படத்துக்கு கிம்ப், வெக்டார் வேலைக்கு இங்க்ஸ்கேப், ஓவியத்துக்கு கிருத்தா, வீடியோவுக்கு கேடென்லைவ், எல்லாமே இலவசம்.

இடறுவது பழைய கோப்புகளில்தான். கோரல்டிரா கோப்பை இங்க்ஸ்கேப் திறக்கும். ஆனால் நிழலும் வண்ணச்சாயலும் சில நேரம் கலைந்துவிடும். பாமினியில் அடித்த 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவலாம். புது வேலைகளை யூனிகோடில், தமிழ்99 விசைப்பலகையில் தொடங்குவதே நல்லது. முக்கியமான கோப்புகளை விண்டோஸ் இருக்கும்போதே, எழுத்துகளை கர்வ் ஆக்கி, பிடிஎஃப் ஆகவும் சேமித்துக்கொள்ள வேண்டும்.

அச்சகம் கேட்பது சிஎம்ஒய்கே வண்ணமுறை; இங்க்ஸ்கேப் ஆர்ஜிபியிலேயே வேலை செய்யும். சிஎம்ஒய்கே பிடிஎஃப் எடுக்க ஸ்கிரைபஸ் என்ற மென்பொருள் உண்டு. நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

– ஒரு வாசகர், அவனியாபுரம், மதுரை