நீங்க எந்தத் தோட்டம், தங்கச்சி?

மைக் முன்னால் உட்கார்ந்தால் என் வாய்க்கு ஓய்வே கிடையாது. நான்கு மணி நேரம் நேரலையில் பேசச் சொன்னாலும் பேசிவிடுவேன். அந்த வாய்தான் 2018-இல் ஒரு சின்னக் கேள்விக்கு மழுப்பியது. கேட்டவர் இலங்கை தலவாக்கலையில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா.

எங்கள் தேவாலய இளைஞர் குழு அந்த ஆண்டுதான் முதன்முறையாக மலையகத்துக்கு ஊழியப் பயணம் போயிருந்தது. பகலில் பிள்ளைகளுக்கு வகுப்பு, மாலையில் லயங்களில் வீட்டுச் சந்திப்பு, ஞாயிறு ஆராதனை. அக்கா வீட்டு வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "மலேசியாவுலயும் நம்ம ஆளுங்க தோட்டத்துலதான் இருந்தாங்களாமே. நீங்க எந்தத் தோட்டம், தங்கச்சி?"

"நான் கோலாலம்பூர்க்கா" என்றேன்.

முழுப் பொய் இல்லை. வாடகை வீடு அங்கேதான். ஆனால் பிறந்து பன்னிரண்டு வயதுவரை வளர்ந்தது கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில். அப்பா குலை வெட்டினார். உதவி செய்ய வந்தவள் என்ற நினைப்பில் இருந்த எனக்கு, நானும் லயத்துப் பிள்ளைதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

கிளம்பும்போது, "அடுத்த வருஷம் கண்டிப்பா வருவோம்க்கா" என்றோம். 2019-இல் கொழும்பில் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அடுத்த ஆண்டு கோவிட், 2022-இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடி. பண்டிகைக்குப் பண்டிகை வாட்ஸ்அப் வாழ்த்தோடு சரி. மறுபடியும் போனது 2024-இல்தான்.

கொழும்பிலிருந்து ஏறக்குறைய ஆறு மணி நேர ரயில் பயணம். தலவாக்கலை நிலையத்தில் அக்கா மகளோடு நின்றிருந்தார். எங்கள் வகுப்பில் பாட்டுப் பாடிய எட்டு வயதுக் குட்டி என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். "வெளிநாட்டுக்காரங்க அப்படித்தான் சொல்லிட்டுப் போவாங்க, வரமாட்டாங்கன்னு பக்கத்து லயத்துல கிண்டல் பண்ணாங்க. இப்ப வந்து பார்க்கட்டும்" என்று என் பையைப் பிடுங்கிக்கொண்டார். ஆறு வருடமாக எங்களுக்காக அவர் பேச்சு வாங்கியிருக்கிறார்.

அன்று இரவு உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்கா சிரித்தார். "அப்பவே தெரியும். பெரட்டுக்குப் போகணும்னு நான் சொன்னப்ப, மத்தவங்க எல்லாம் அப்படின்னா என்னன்னு கேட்டாங்க. நீ மட்டும்தான் கேக்கல."

அதன்பிறகு தூக்கம் ஏது? பெரட்டு, கங்காணி, துரை, லயம் என்று அங்கும் இங்கும் ஒரே சொற்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறியவர்கள், வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களில் பிரிந்தார்கள். அவர்கள் தேயிலைக்கு, நாம் ரப்பருக்கு. 1948-இல் இலங்கைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அக்காவின் பெரியப்பா குடும்பம் அப்படிப் போனதுதான். நம் பக்கம் கதை வேறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, கைமாறின. நாம் நகரங்களுக்குச் சிதறினோம்.

"சரி, உங்க தோட்டத்துல இப்ப யாரு இருக்கா?" என்று அக்கா கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய அடுத்த சனிக்கிழமை காரை எடுத்தேன். தலவாக்கலைக்கு விமானம், ரயில் என்று ஒரு முழு நாள் ஆகிறது. லாத்தார் நெடுஞ்சாலையில் ஈஜோக் வந்து, புக்கிட் ரோத்தானுக்கு ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தைப் பன்னிரண்டு வருடங்களாக நான் ஒதுக்கவில்லை.

எங்கள் லயத்தில் பாதியை இடித்துவிட்டார்கள். மீதியில் பெரும்பாலும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள். கோயிலடியில் நம் குடும்பங்கள் சில இன்னும் இருக்கின்றன. அங்கே என் தமிழ்ப்பள்ளித் தோழி! ஈஜோக்கில் தொழிற்சாலை வேலை, மூன்று பிள்ளைகள். "பசியாறிட்டியா?" என்று கேட்டுவிட்டு, தோசை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ரேடியோவுல உன் குரல் வந்தா, நம்ம தோட்டத்துப் பொண்ணுடான்னு பிள்ளைங்ககிட்ட சொல்வேன். நீதான் ஒரு நாளும் சொன்னதில்ல."

அவளிடம் என்ன பதில் சொல்வது? தோசையைச் சாப்பிட்டேன்.

அப்புறம் ஊர்க்கதை பேசினோம். பெஸ்தாரி ஜெயா பக்கம் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராடியதை நான் செய்தியாக வாசித்திருக்கிறேன். அவளுக்கோ அது செய்தியில்லை. அவள் சின்னம்மா அதற்காகக் கூட்டம் கூட்டமாக அலைந்தவர்.

ஊழியப் பயணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போனதால்தான் எனக்கு இந்தக் கதவு திறந்தது. ஆனால் "வருவோம்" என்றால் வர வேண்டும். அதோடு, கடல் தாண்டி விசாரிக்கிற நலத்தைப் பக்கத்து ஊரிலும் விசாரிக்க வேண்டும். இப்போது எங்கள் குழு மாதம் ஒரு சனிக்கிழமை தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாட வகுப்பு நடத்துகிறது. பெரும்பாலும் இந்துப் பிள்ளைகள். வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் மட்டும்தான் என்று பெற்றோரிடம் பேசிவிட்டே ஆரம்பித்தோம்.

அடுத்த முறை தலவாக்கலைக்கு என் தோழியும் வருகிறாள். முதன்முறையாகக் கடப்பிதழ் எடுத்திருக்கிறாள். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அவங்க எந்தத் தோட்டம்?"

இந்த முறை பட்டென்று சொன்னேன்: "எங்க தோட்டம்தான்க்கா."