சோலைமந்திக்குக் கோப்பு உண்டு, வெடிப்பலாவுக்கு?

மதிப்பிற்குரிய தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,

வால்பாறை புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே கட்டியிருக்கும் தொங்குபாலங்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் குட்டி தொங்க, சோலைமந்தி வண்டியில் அடிபடாமல் அவற்றின்மேல் கடந்து போகும். நல்ல வேலை. ஆனால் கிளைகோத்து நின்ற மரங்கள் போனதால்தானே பாலம் தேவைப்பட்டது?

சோலைமந்தி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அடிபட்டுச் செத்தால் உடற்கூறாய்வு, கோப்பு எல்லாம் உண்டு. தாவரங்களுக்கென்று அந்தச் சட்டத்தில் ஓர் அத்தியாயம் சேர்ந்ததே 1991இல்தான். அன்றைய பட்டியலில் ஆறே பதிவுகள். நம் மழைக்காட்டின் நெடுமரம் ஒன்றுகூட இல்லை.

வெடிப்பலாவைப் பாருங்கள். டுரியன் குடும்பத்து மரம். இதழில்லாத பழுப்புப் பூக்கள் கிளையை ஒட்டிக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். வேறு பழம் கிடைக்காத கோடையில் மந்திகள் அந்தப் பூவைப் பிய்த்துத் தின்னும். இரவில் வௌவால்கள் வரும். பிறகு காய். முள்ளோட்டைப் பல்லால் கிழித்து விதையைத் தோண்டி எடுத்துவிடும் மந்தி. மரத்தடியில் கடித்த ஓடுகள் சிதறிக் கிடந்தால் மேலே கூட்டம் இருந்தது என்று பொருள்.

மந்தி விதை பரப்பி மரத்துக்குக் கைம்மாறு செய்கிறது என்று எழுத ஆசைதான். உண்மையில் அது விதையைத் தின்று தீர்க்கிற வாய். பெருங்காட்டில் மிச்சம் விழும். தேயிலைக்கு நடுவே ஒதுங்கிய சிறு சோலையில் நாலைந்து மரம்தான் என்றால்? விழுகிற விதையும் காய்ந்துவிட்டால் முளைக்காது. மந்தி மூன்றாண்டுக்கொரு குட்டியாவது போடும். முதிர்ந்த வெடிப்பலா ஒன்று காற்றில் சாய்ந்தால், அந்த இடம் நிரம்புவதற்குள் எத்தனையோ அதிகாரிகள் ஓய்வு பெற்றுவிடுவார்கள். சாய்ந்தது விறகுக் கணக்கில் போய்விடும்.

மந்தி கூரை ஓட்டைப் பிரித்து அடுப்படிக்குள் புகுகிறது என்ற மனுக்கள் தங்கள் மேசைக்கு வந்திருக்கும். மரம் குறைந்தது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். சோற்று ருசியும் உண்டு.

இங்குள்ள சோலைத் துண்டுகளில் காய்க்கும் வெடிப்பலா ஒவ்வொன்றையும் எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். சாலையோர மரம் வெட்ட அனுமதி கேட்டு வரும்போது அதைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். விதை விழும் மாதங்களில் வேட்டைத் தடுப்புக் காவலர்களே பொறுக்கி, அந்த வாரமே நாற்றுப்பையில் போடட்டும். மழைக்காட்டு மரங்களை நட்டு வளர்த்த தன்னார்வலர்கள் வால்பாறையிலேயே இருக்கிறார்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள். தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் நாற்றை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வால்பாறைவாசி ஒருவர்