பழைய ஸ்போர்ட்ஸ் காரும் எடைக்குப் போட்ட இன்ஜினும்

அபர்டீன் பஜார் மணிக்கூண்டுப் பக்கம் நான் வழக்கமா டீ குடிக்கற கடை ஒண்ணு இருக்கு. டிசம்பர்ல இங்கே சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும். பேங்க்ல கணக்கை முடிச்சுட்டு வெளியே வந்தா ராத்திரி வந்துட்ட மாதிரி இருக்கும். (2024ல ஊர் பேரை ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க. எங்க வாயில இன்னும் போர்ட் பிளேர்தான் வருது.)

போன வாரம் அங்கே செல்போன் கடை வெச்சிருக்கற ராமநாதபுரத்துத் தம்பி பிடிச்சுக்கிட்டார். "அண்ணே, அஞ்சு லட்சம் பர்சனல் லோன் வேணும்."

"கடைக்குச் சரக்கா தம்பி?"

"இல்லண்ணே. ஒரு சான் ஸ்டார்ம் விலைக்கு வருது. இன்னிக்கு வாங்கிப் போட்டா அஞ்சு வருஷத்துல டபுள்."

சான் ஸ்டார்ம் ஞாபகம் இருக்கா? 1990கள் கடைசியில கோவாவுல சான் மோட்டார்ஸ் செஞ்ச ரெண்டு சீட் கார். ஃபைபர் பாடி, ரெனோ இன்ஜின். இந்தியாவுல செஞ்ச ஸ்போர்ட்ஸ் கார்னு சொல்லிக்க இருந்த வெகு சிலதுல ஒண்ணு. கம்பெனி இப்போ இல்ல. ஃபைபர் பாடி உப்புக் காத்துல துருப்பிடிக்காதுன்னு தம்பி ஒரு பாயிண்ட் வேற சொன்னார். பாடி துருப்பிடிக்காது, சரி. அடியில இருக்கற இரும்புக்கு அதைச் சொல்ல முடியுமா?

ஆசையைக் கிளப்பினது போன்ல வந்த ஒரு வீடியோ. ஃபெராரி 250 ஜிடிஓ கதை. 1962ல அமெரிக்காவுல சுமார் 18,000 டாலருக்கு வித்த மாடல், 2018ல ஏலத்துல 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போச்சு. விஷயம் உண்மைதான். ஆனா பி.காம். படிச்சவன் கையில நம்பரைக் கொடுத்தா சும்மா விடுவானா? டீ ஆறட்டும்னு கால்குலேட்டரை எடுத்தேன்.

56 வருஷம். கூட்டு வட்டியாப் பார்த்தா ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம். உலகத்துலயே அதிகமாப் பேசப்படற காரோட வளர்ச்சி இவ்வளவுதான். பிரமாதம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அடுத்ததையும் பாருங்க. இதே மாடல்ல வேற வேற கார்கள்: 2014ல ஒண்ணு 3.81 கோடி டாலர். 2018ல ஒண்ணு 4.84 கோடி. 2023 நவம்பர்ல நியூயார்க்ல ஒண்ணு 5.17 கோடி. முதல் நாலு வருஷத்துல ஆண்டுக்கு 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. அடுத்த அஞ்சு வருஷத்துல ஆண்டுக்கு 1.3 சதவீதம். டாலர் ஏறினதை ரூபாய்ல சேர்த்துப் பார்த்தாலும் நம்ம ஃபிக்சட் டெபாசிட்டைத் தாண்டறது கஷ்டம். அதுவும் ஏலக் கமிஷனையும் சேர்த்துச் சொல்ற விலை இது. வித்தவர் கைக்குப் போனது இன்னும் கம்மி.

இறங்கின கதையும் உண்டு. அதை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல. 1988 ஆகஸ்ட்ல என்ஸோ ஃபெராரி காலமானார். அதே சமயம் ஜப்பான்ல பணம் பெருகிக் கிடந்தது. பழைய ஃபெராரி விலையெல்லாம் ராக்கெட் மாதிரி ஏறிச்சு. ஒரு கோடி டாலரைத் தாண்டிப் போன ஜிடிஓ, ஜப்பான் குமிழி வெடிச்ச பிறகு நாலஞ்சு வருஷத்துல அதுல மூணுல ஒரு பங்குக்கும் கீழே வந்துடுச்சு. கடன் வாங்கி வாங்கினவங்க நிலைமை என்ன ஆகியிருக்கும்? ஒரு லோன் ஆபீசரா எனக்கு அதுதான் முதல்ல தோணும்.

இன்னொண்ணு. மொத்தமே 36 ஜிடிஓதான் செஞ்சாங்க. ஒவ்வொண்ணும் எந்த ரேஸ்ல ஓடிச்சு, யார் கையில இருந்து யார் கைக்குப் போச்சு, எல்லாத்துக்கும் காகிதம் இருக்கு. அந்தக் காலத்துல செஞ்ச மத்த லட்சக்கணக்கான கார்கள் எங்கே? பழைய இரும்புக் கடையில. ஜெயிச்ச 36ஐ மட்டும் பார்த்துட்டு "பழைய கார் விலை ஏறும்"னு சொல்றது, ஐ.ஏ.எஸ். ஆன பையனை மட்டும் பார்த்துட்டு "பரீட்சை எழுதினா கலெக்டர்"னு சொல்ற மாதிரி.

இப்போ தம்பியோட கணக்கு. 12 சதவீத வட்டியில 5 லட்சம், 5 வருஷம்: மாசத் தவணை சுமார் 11,120. மொத்தம் கட்டறது 6.67 லட்சம். இன்ஷூரன்ஸ், ஷெட், டயர், மெக்கானிக் எல்லாம் வருஷத்துக்கு 40,000னு வெச்சா இன்னும் 2 லட்சம். ஆக, அஞ்சாவது வருஷம் 8.67 லட்சத்துக்கு வித்தாத்தான் கைக்காசு போகாது. அதுக்கே விலை வருஷா வருஷம் பதினொன்றரை சதவீதத்துக்கு மேல ஏறணும். அது லாபம் இல்லீங்க, வெறும் தப்பிப்பு! சென்னையிலிருந்து கப்பல்ல கொண்டு வர்ற செலவை நான் சேர்க்கவே இல்ல. கொண்டு வந்து எங்கே ஓட்டறது? அந்தமான் ட்ரங்க் ரோட்ல ஜிர்காடாங் தாண்டினா கான்வாய்ல வரிசையாப் போகணும், முந்தக் கூடாது. :-)

இவ்வளவு பேசறானே, இவனுக்குப் பழைய காரைப் பத்தி என்ன தெரியும்னு நினைக்கறவங்களுக்காக இனி எங்க வீட்டுக் கதை.

கும்பகோணத்துல அப்பாகிட்ட ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருந்தது, 1969 மாடல். வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியில செஞ்சது. இங்கிலாந்து டிரையம்ஃப் ஹெரால்டோட நம்ம ஊர்ப் பதிப்பு. அந்த ஹெரால்டோட அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் 1962ல டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ங்கற ஸ்போர்ட்ஸ் காரையே செஞ்சாங்க. ரெண்டையும் வரைஞ்சவர் ஒரே ஆள், இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அதனால எங்க வண்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன் முறைன்னு நான் பெருமையடிச்சுக்கறது உண்டு.

1980கள் கடைசியில ஸ்டாண்டர்ட் கம்பெனியில கார் செய்யறது நின்னு போச்சு. உதிரி பாகம் கிடைக்கல. அப்பா என்ன பண்ணினார்? மெக்கானிக் பேச்சைக் கேட்டு ஃபியட் இன்ஜினை ஏத்தினார். பழைய இன்ஜினை எடைக்குப் போட்டார். ஆர்.சி. புத்தகத்துல மாத்தம் ஏத்தவும் இல்ல. வண்டி இன்னும் இருபது வருஷம் ஓடிச்சு. என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அதுலதான்.

அப்பா போன பிறகு வண்டி ஷெட்ல நின்னுடுச்சு. நான் இங்கே, தம்பி சென்னையில. ஊர்ல அம்மா மட்டும். 2021ல மத்திய அரசு 50 வயசைத் தாண்டின வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தது. 'விஏ'ங்கற எழுத்தோட தனி நம்பர், பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். ஆகா, நம்ம ஹெரால்டுக்கு மவுசு வந்தாச்சுன்னு நானும் தம்பியும் குதிச்சோம். விதியைப் படிச்சா, அடிச்சட்டம், பாடி, இன்ஜின் எதுலயும் பெரிய மாத்தம் இருக்கக் கூடாதாம். பார்க்க வந்த ஒரு சேகரிப்பாளரும் பானட்டைத் திறந்து பார்த்துட்டு, "ஒரிஜினல் இன்ஜின் எங்கேங்க?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டார். அப்பா வண்டியை உயிரோட வெச்சுக்கச் செஞ்ச வேலைதான் அதோட விலையைக் குறைச்சிருந்தது.

எனக்கு அன்னிக்கு அப்பா மேல கோபம் வந்தது உண்மை. இப்போ இல்ல. அவர் வாங்கினது ஓட்டறதுக்கு, விக்கறதுக்கு இல்ல.

கடைசியில அந்த மெக்கானிக்கோட மகனே கேட்டார். 60,000 ரூபாய்க்குக் கொடுத்தோம். ஆர்.சி. விவகாரத்தைச் சரிபண்ண தம்பி நாலு தடவை லீவு போட்டு அலைஞ்சான். ஷெட்ல இன்னும் அஞ்சு வருஷம் நின்னிருந்தா அதுவும் எடைக்குத்தான் போயிருக்கும். இப்போ வாராவாரம் ஓடுது. தெருவுல அந்த ஹாரன் கேட்டா அம்மா வாசலுக்கு வந்து பார்ப்பாங்களாம்.

என் கட்சி இதுதான்: பக்கத்துல இருந்து பார்த்துக்க ஆள் இல்லாத சொத்துக்கு விலை ஏறாது. ஏறுதுன்னு நாமளா நினைச்சுக்கறோம். கார் மட்டும் இல்ல, ஊர்ல பூட்டிக் கிடக்கற நம்ம வீட்டுக்கும் இது பொருந்தும். கடல் தாண்டி இருக்கற நாம இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

பிரியத்துக்காக வெச்சுக்கறதா இருந்தா தாராளமா வெச்சுக்கோங்க. ஆனா கடன்ல வேண்டாம். ஆர்.சி., வாங்கின ரசீது எதையும் தொலைக்காதீங்க. கழட்டின ஒரிஜினல் பாகத்தை எடைக்குப் போடாதீங்க. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ண ஒரு ஆளை ஏற்பாடு பண்ணுங்க. இன்ஷூரன்ஸ்ல அஞ்சு வயசுக்குள்ளேயே வண்டி மதிப்பைப் பாதியாக் குறைச்சிடுவாங்க. அதுக்கு மேல வயசானா பேசி முடிக்கறதுதான். அதனால மதிப்பை எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க.

தம்பிக்கு லோன் கொடுத்தேனான்னு கேட்கறீங்களா? இன்னும் விண்ணப்பம் வரல. வந்து, தகுதியும் இருந்தா கொடுத்துத்தான் ஆகணும், அது என் வேலை. ஆனா கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்பேன்: "ராமநாதபுரத்துல அதை வாராவாரம் யார் தம்பி ஸ்டார்ட் பண்ணுவாங்க?"