கிடங்கில் தோற்ற யுத்தங்கள்

யுத்தம் மூண்டால் பத்திரிகைகளின் முதல் பக்கம் விமானங்களுக்கும் டாங்கிகளுக்கும் ஏவுகணைகளுக்கும் ஒதுக்கப்பட்டு விடுகிறது. எந்த ரயில் நிலையத்தில் எத்தனை வேகன் இறக்கப்படாமல் நிற்கிறது, எந்த மலைமுகட்டில் எத்தனை பேருக்குக் கம்பளிக் காலுறை போய்ச் சேரவில்லை என்பவை யாரும் கவனிக்காத விஷயங்கள். ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்த யுத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், தோற்றவர்களில் பலர் போர்க்களத்தில் தோற்பதற்கு முன்பே கிடங்கில் தோற்று விட்டிருப்பது தெரியவரும்.

2022 பிப்ரவரி 24-ஆம் தேதி ரஷ்யா உக்ரேனுக்குள் புகுந்தபோது, தலைநகர் கீவ் சில நாட்களில் விழுந்துவிடும் என்றே உலகம் எதிர்பார்த்தது. பெலாரஸ் எல்லையிலிருந்து கீவ் நகரம் 200 கிலோமீட்டர்கூட இல்லை. அந்தச் சாலையில் சுமார் 64 கிலோமீட்டர் நீளத்துக்கு ராணுவ வண்டிகள் வரிசையாக நின்றதை வானிலிருந்து எடுத்த படங்கள் காட்டின. பார்த்தவர்கள் பயந்தார்கள். உண்மையில் பயப்பட வேண்டியவர்கள் அந்த வண்டிகளில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். எரிபொருள் தீர்ந்து போயிற்று, டயர்கள் கிழிந்தன, சாலையை விட்டு இறங்கினால் சேற்றில் புதைந்தன, உணவுப் பொட்டலங்களில் காலாவதித் தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே கடந்திருந்ததாகச் செய்திகள் வந்தன. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் அந்தப் படை கீவைச் சுற்றியிருந்த பகுதிகளை விட்டு வந்த வழியே திரும்பி விட்டது. உலகின் பெரிய ராணுவங்களில் ஒன்றுக்கு நேர்ந்த கதி இது.

காரணம் ஒன்றும் மர்மமல்ல. ரஷ்ய ராணுவம் பழைய காலத்திலிருந்தே ரயிலை நம்பி வாழும் ராணுவம். ரயில்வே வேலைக்கென்றே தனித் துருப்புகள் வைத்திருக்கிறது. தண்டவாளம் உள்ள இடம் வரை அதற்குக் குறைவில்லை. அது முடிந்த இடத்திலிருந்து லாரிகள் வேண்டும், லாரிகளோ போதவில்லை. ரயில் செல்லும் முக்கிய சந்திப்புகளை உக்ரேன் விட்டுக் கொடுக்காத வரையில், எதிரிக்குக் குண்டும் ரொட்டியும் சாலை வழியேதான் வர வேண்டியிருந்தது. பெலாரஸிலேயே சில ரயில்வே ஊழியர்கள் சிக்னல் பெட்டிகளைக் கொளுத்தி ராணுவ ரயில்களைத் தாமதப்படுத்தினர். அதற்காகச் சிலருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு சிக்னல் பெட்டிக்கு எவ்வளவு மதிப்பு என்று தண்டனை கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உக்ரேன் தரப்பிலோ அதே ரயில்தான் நாட்டைக் காப்பாற்றியது. லட்சக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் ரயிலில் மேற்கே அனுப்பப்பட்டனர். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. 2022 ஏப்ரல் 8-ஆம் தேதி கிராமடோர்ஸ்க் ரயில் நிலையத்தில் ரயிலுக்காகக் காத்திருந்த கூட்டத்தின் மீது ஏவுகணை விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர்.

கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டதும் உக்ரேனின் கோதுமையையும் சூரியகாந்தி எண்ணெயையும் ரயிலில் போலந்துக்கு அனுப்பப் பார்த்தார்கள். அங்கே பழைய தொல்லை ஒன்று காத்திருந்தது. உக்ரேனின் தண்டவாள அகலம் 1520 மில்லிமீட்டர், போலந்தில் 1435. எல்லையில் ஒவ்வொரு வேகனையும் நிறுத்திச் சரக்கை மாற்ற வேண்டும், அல்லது சக்கரத்தை மாற்ற வேண்டும். அந்தத் தாமதத்தில் பங்கு பெங்களூர் மளிகைக் கடைக்கும் வந்து சேர்ந்தது. சூரியகாந்தி எண்ணெய் விலை அந்த ஆண்டு ஏறியதை இங்கே சமையலறை வைத்திருக்கும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

1982-இல் நடந்த ஃபாக்லந்து யுத்தம் இன்னும் கசப்பான உதாரணம். அர்ஜென்டைனாவின் ராணுவ ஆட்சியாளர்கள் உள்நாட்டு அதிருப்தியை மறைக்க அந்தத் தீவுகளைப் பிடித்தார்கள். பிரிட்டன் இவ்வளவு தூரம் படை அனுப்பாது என்பது அவர்கள் போட்ட கணக்கு. அது தப்பியது என்பது மட்டும் அல்ல. தாங்கள் அனுப்பிய படையை எப்படிப் போஷிப்பது என்றே அவர்கள் யோசிக்கவில்லை. கட்டாய ராணுவ சேவையில் இருந்த பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள், அவர்களில் பலர் வெயில் மிகுந்த வட மாகாணங்களிலிருந்து வந்தவர்கள், குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் ஈரக் குழிகளில் உட்கார வைக்கப்பட்டனர். துறைமுகமான ஸ்டான்லியில் உணவு குவிந்து கிடந்தது. சில மைல் தூரத்தில் இருந்த குன்றுகளுக்கு அது போகவில்லை. பசி பொறுக்காமல் ஆடு திருடியவர்களையும் உணவு தேடிப் போனவர்களையும் அதிகாரிகள் தரையில் முளையடித்துக் கட்டிப் போட்டுத் தண்டித்ததாக, அந்தப் பையன்களே வயது முதிர்ந்த பிறகு நீதிமன்றத்தில் புகார் கொடுத்தனர்.

பிரிட்டனும் தவறு செய்யாமல் இல்லை. துருப்புகளைத் தூக்கிச் செல்ல வேண்டிய பெரிய ஹெலிகாப்டர்கள் ‘அட்லாண்டிக் கன்வேயர்’ என்ற ஒரே வணிகக் கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. மே 25-ஆம் தேதி அந்தக் கப்பலை ஏவுகணை தாக்கியது. மூன்று சினூக் ஹெலிகாப்டர்களும் கூடாரங்களும் அதோடு போயின. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்ததற்குத் தண்டனையாக, வீரர்கள் முதுகில் மூட்டையைச் சுமந்து சதுப்பு நிலத்தில் சுமார் 90 கிலோமீட்டர் நடந்தார்கள். நடந்து போய் ஜெயிக்க முடிந்தது என்றால், எதிரில் இருந்தவர்கள் அவர்களைவிடப் பசித்திருந்தார்கள் என்பதும் ஒரு காரணம்.

அந்நிய நாட்டுத் தவறுகளைப் பேசுவது சுலபம். நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம்.

1962 அக்டோபரில் தாக்லா முகட்டுக்குக் கீழே நாம்கா சூ என்ற மலையாற்றங்கரையில் நம் ஏழாவது பிரிகேட் நிறுத்தப்பட்டிருந்தது. பத்தாயிரம் அடிக்கு மேல் உயரம். வீரர்களில் பலர் உடுத்தியிருந்தது பருத்திச் சீருடை. ஆளுக்கு ஐம்பது தோட்டா அளவில்தான் கையிருப்பு. சாலை கிடையாது; விமானத்திலிருந்து போட்ட மூட்டைகளில் பெரும் பகுதி பள்ளத்தாக்குகளில் விழுந்து யாருக்கும் கிடைக்காமல் போயிற்று. இந்த நிலையில் இருந்த படைக்கு, எதிரியை முகட்டிலிருந்து விரட்டு என்று டில்லியிலிருந்து உத்தரவு. அக்டோபர் 12-ஆம் தேதி இலங்கைக்குப் புறப்பட்ட பிரதமர் நேரு, நம் எல்லையை விடுவிக்கும்படி ராணுவத்துக்கு உத்தரவிட்டிருப்பதாக நிருபர்களிடம் சொன்னார். எட்டாவது நாள் காலை சீனர்கள் இறங்கினார்கள். சில மணி நேரத்தில் பிரிகேட் சிதறியது. அதன் தலைவர் பிரிகேடியர் ஜான் தல்வி சிறைப்பட்டார். பின்னாளில் அவர் எழுதிய ‘ஹிமாலயன் பிளண்டர்’ புத்தகத்தில் வீரத்துக்குக் குறைவு சொல்ல ஒன்றுமில்லை. போர்வைக்கும் வெடிமருந்துக்கும் அரிசிக்கும்தான் குறை.

மூன்று ஆண்டு கழித்து 1965-இல் நேர் எதிரான தவறு. அப்போது சரக்கு இருந்தது, கணக்குத்தான் இல்லை. சண்டை நிறுத்தம் பற்றி முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கையிருப்பைக் கேட்க, முன்வரிசை வெடிமருந்தில் பெரும் பகுதி தீர்ந்து விட்டது என்று தலைமைத் தளபதி சௌத்ரி பதிலளித்தார். பின்னர் பார்த்தால் செலவாகியிருந்தது சுமார் 14 சதவீதம்தான். எதிர்த் தரப்பின் கையிருப்போ பெருமளவு கரைந்திருந்தது. ஸ்டோர் ரிஜிஸ்டரில் வரவு செலவு எழுதும் குமாஸ்தாவின் வேலை அற்பமானது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சம்பவத்தைப் படித்தால் போதும்.

இந்த இரண்டு பாடங்களையும் படித்த பிறகு வந்ததுதான் 1971. அந்த ஆண்டு ஏப்ரலில் உடனே படையெடுக்க முடியுமா என்று கேட்கப்பட்டபோது, ஜெனரல் மானெக்ஷா முடியாது என்று சொன்னார். மழைக்காலம் முடிய வேண்டும், வடக்கே கணவாய்களில் பனி விழ வேண்டும், சரக்கு சேர வேண்டும் என்று அவகாசம் கேட்டார், கிடைத்தது. அந்த மாதங்களில் என்ன நடந்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. வடகிழக்குக்குப் போகும் பிராட்கேஜ் அப்போது நியூ போங்கைகாவ்வோடு சரி. அங்கே சரக்கு முழுவதையும் மீட்டர்கேஜ் வேகன்களுக்கு மாற்ற வேண்டும். திரிபுராவில் ரயில் தர்மநகர் வரையில்தான். அகர்தலாவுக்கு அதற்கப்பால் மலைச் சாலை. இந்த ஊசிக் கண் வழியாக ஒரு பெரிய படைக்கு வேண்டியதெல்லாம் மாதக்கணக்கில் முன்னதாகவே கொண்டு சேர்க்கப்பட்டது. டிசம்பர் 3-ஆம் தேதி தொடங்கிய யுத்தம் 16-ஆம் தேதி முடிந்து 93 ஆயிரம் பேர் சரணடைந்ததற்கு, சரக்கு மாற்றிய கூலிகளுக்கும், ராத்திரியும் பகலுமாக வண்டி விட்ட டிரைவர்களுக்கும், பாலம் போட்ட சாப்பர்களுக்கும் பங்கு உண்டு. அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் சாப்பர்களின் தலைமையிடத்தைத் தினம் கடந்து போகும் பெங்களூர்த் தமிழர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ராணுவத்துக்கு உணவும் எரிபொருளும் சேர்க்கும் சர்வீஸ் கோரின் பயிற்சி மையமும் இதே ஊரில்தான் இருக்கிறது. மெடல் பட்டியலில் இவர்கள் பெயர் குறைவாகவே வரும்.

இத்தனையும் பழங்கதை, இப்போது நிலைமை மாறிவிட்டது என்று சமாதானம் சொல்லலாம். 2020 பிப்ரவரியில் பார்லிமெண்டில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. சியாச்சின், லடாக் போன்ற உயரமான இடங்களில் இருக்கும் துருப்புகளுக்குப் பனிக்கண்ணாடிப் பற்றாக்குறை 62 முதல் 98 சதவீதம் வரை. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பூட்ஸ் புதிதாக வழங்கப்படாமல் பழையவற்றையே செப்பனிட்டுக் கொடுத்த நிலை. உணவுப் பண்டங்களில் மாற்றாகக் கொடுத்ததில் கலோரி அளவு 82 சதவீதம் வரை குறைவு. இவை அந்த அறிக்கையில் உள்ளவை. இது பழைய கணக்கு, குறைகள் சரி செய்யப்பட்டுவிட்டன என்று ராணுவத் தரப்பில் பதில் வந்தது. நான்கே மாதத்தில், ஜூன் 15-ஆம் தேதி, கல்வான் பள்ளத்தாக்கில் சீனர்களுடன் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் மாண்டனர். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அதன் பிறகு பல்லாயிரம் துருப்புகளை லடாக்கில் குளிர்காலம் முழுவதும் நிறுத்த வேண்டி வந்தபோது, பனி உடுப்புகளை அமெரிக்காவிடமிருந்து அவசரமாக வாங்க நேர்ந்தது. கிடங்கு நிறைந்திருந்தால் அவசரம் ஏன்?

நடந்த நல்ல வேலையையும் சொல்லத்தான் வேண்டும். தவாங்குக்குப் போகும் வழியில் சேலா சுரங்கப்பாதை 2024-இல் திறக்கப்பட்டது. செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் பாலம் கட்டி, 2025 ஜூனில் காஷ்மீர் பள்ளத்தாக்கை நாட்டின் மற்றப் பகுதிகளோடு ரயிலால் இணைத்து விட்டார்கள். 1962-இல் நாம்கா சூவில் இருந்தவர்களுக்கு இதில் நூற்றில் ஒரு பங்கு வசதி இருந்திருந்தால் என்ற எண்ணம் எழாமல் இல்லை. ஆனால் ரயிலும் சாலையும் போட்டால் மட்டும் பூட்ஸ் தானாக ஏறிப் போய் விடாது. எந்த அளவில் எத்தனை ஜோடி என்று ஒருவர் எழுத வேண்டும். இன்னொருவர் சரி பார்க்க வேண்டும். குறைந்தால் பயமின்றிச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் நாடு பின்தங்கியிருக்கிறது. தவறைக் கண்டுபிடிப்பதில் அல்ல, கண்டுபிடித்ததை வெளியிடுவதில். 1973 யுத்தத்தில் எதிர்பாராமல் தாக்கப்பட்ட இஸ்ரேல், அக்ரனாட் கமிஷனின் முதல் அறிக்கையை ஆறு மாதத்தில் வெளியிட்டது. பிரதமர் கோல்டா மெயர் பதவி விலகினார். ஈராக் யுத்தத்தில் 179 வீரர்களை இழந்த பிரிட்டனில், இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் கேட்டதன் பேரில், சில்காட் விசாரணை அறிக்கை 2016-இல் வெளிவந்தது. சாலையோரக் குண்டுகளைத் தாங்கும் வண்டிகளை வாங்கித் தருவதில் நடந்த தாமதம் பொறுக்கத் தக்கதல்ல என்று அதில் பச்சையாக எழுதப்பட்டிருக்கிறது. அர்ஜென்டைனாவும்கூட, ஃபாக்லந்து தோல்வி பற்றிய ராட்டன்பாக் அறிக்கையை முப்பது ஆண்டு பூட்டி வைத்துவிட்டு 2012-இல் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. கார்கில் யுத்தத்துக்குப் பிறகு திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கை, சில பகுதிகள் நீங்கலாக, 2000-இல் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது என்பது நம் கணக்கில் ஒரு நல்ல வரவு.

1962 பற்றி லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் தயாரித்த அறிக்கை 1963-லேயே அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அது வெளியே வரவில்லை. அதில் உள்ளவை இன்றும் ராணுவ ரீதியில் மதிப்புடையவை என்று 2010-இல் பாதுகாப்பு மந்திரி ஏ.கே. அந்தோணி பார்லிமெண்டில் காரணம் சொன்னார். அந்நியப் பத்திரிகையாளர் நெவில் மாக்ஸ்வெல் 2014-இல் அதன் ஒரு பகுதியை வெளியிட்டே விட்டார். உலகம் படித்துவிட்டதை இந்தியர்களிடமிருந்து மட்டும் மறைப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பது விளங்கவில்லை. நாம்கா சூவில் இருபது வயதில் நின்றவர்கள் உயிரோடிருந்தால் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். தங்களுக்கு ஏன் கம்பளி வரவில்லை என்று அரசாங்கத்தின் வாயால் அவர்கள் கேட்டதில்லை. பார்லிமெண்டின் பாதுகாப்பு நிலைக்குழு அந்த அறிக்கையை மேஜைக்கு வரவழைக்க வேண்டும். கூடவே, 2020-இல் தணிக்கை அதிகாரி சுட்டிக் காட்டிய பனிக்கண்ணாடியும் பூட்ஸும் இன்று எந்தக் கிடங்கில் எத்தனை இருக்கின்றன என்ற கணக்கையும், அடுத்த பனி விழுவதற்கு முன் கேட்டு வாங்க வேண்டும்.